நீல மூடி, மஞ்சள் மூடி

பிப்ரவரி 3, திங்கள்

தொட்டி வேலைக்கு இருந்த தங்கவேல் இன்றோடு நின்றுகொண்டான். திருப்பூரில் அவன் மச்சான் பனியன் கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறானாம். வாசலில் நின்று, "நாளைலருந்து வரலீங்க்கா" என்று சொல்லி, பம்ப் அறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வாரம் முன்னால் சொன்னால் என்னவாம்?

இனி தொட்டி என் பொறுப்பு. நீச்சல் குளம் என்று எனக்கு வாயில் வருவதில்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய தொட்டி அது. இவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, மகன் யுவராஜ் பெங்களூரிலிருந்து வந்து நீல டைல்ஸ் ஒட்டி, படியும் கைப்பிடிக் கம்பியும் வைத்து, தண்ணீரை வடிகட்ட மோட்டாரும் போட்டுக் கொடுத்தான். யோசனை, பிசியோதெரபிக்கு வரும் ஷெரினுடையது. தரையில் ஒரு எட்டு வைக்க முடியாத மனுஷர் நெஞ்சளவு தண்ணீரில் நடக்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு, நாற்பது நிமிஷம்.

"சித்திரைக்குள்ள தரையில நடந்திடுவாரும்மா. ஒருநாளும் விட்டுப் போகக் கூடாது. தண்ணி சுத்தமா இருக்கணும்" என்கிறாள் ஷெரின். நடக்காவிட்டால் யுவராஜ் எங்கள் இருவரையும் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோராவது மாடியில் வைத்துவிடுவான். அதையும் சொல்லிவிட்டான்.

தண்ணீர் சுத்தமாக இருக்கும். நான் எதற்கு இருக்கிறேன்?

பிப்ரவரி 4, செவ்வாய்

அவர் தண்ணீரில் இறங்குவதை தினமும்தான் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. சக்கர நாற்காலியைப் படியோரம் நிறுத்துவேன். இடது கை கம்பியில், வலது கை என் தோளில். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியில் என் தோளிலிருந்து பாரம் போய்விடும். தண்ணீர் அவரை வாங்கிக்கொள்ளும்.

அதற்கப்புறம் எனக்கு வேலை இல்லை. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீற்று நிழல் நீலத்தில் ஆடும். அதற்கு நடுவே அவர், கனவில் நடக்கிற ஆள்போல மெல்ல மெல்ல அந்தக் கோடி போய்த் திரும்பி வருவார். முகத்தில் ஒரு வயதும் இருக்காது. தண்ணீர்ச் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். நாற்பது நிமிஷம் எப்படிப் போகிறது என்றே தெரிவதில்லை. இன்று பாலை அடுப்பில் வைத்திருந்ததை மறந்து போனேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பொள்ளாச்சிக்குப் போய் தொட்டிக்கு மருந்து வாங்கி வந்தேன். தங்கவேல் வாங்கும் இடம்தான், மார்க்கெட்டுக்குப் பின்னால் மயில்சாமி கடை. பினாயில், ஆசிட் எல்லாம் பீப்பாயில் வைத்து அளந்து ஊற்றிக் கொடுக்கிறவர்.

இரண்டு வெள்ளைக் கேன்களைத் தூக்கி வைத்தார். எந்தக் காலத்திலோ சமையல் எண்ணெய் வந்த கேன்கள். ஒன்றில் குளோரின், கிருமி சாவதற்கு. இன்னொன்றில் ஆசிட், தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் இறக்குவதற்கு. மேலே பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

"ஒண்ணும் எழுதலீங்களே?" என்றேன்.

"எழுதி எதுக்குங்க்கா? நீல மூடி குளோரினு, மஞ்ச மூடி ஆசிடு. ரெண்டையும் ஒண்ணா மட்டும் ஊத்தீராதீங்க, வெசம். சந்தேகம் வந்துச்சுன்னா தொறந்து ஒருக்கா மோந்து பாருங்க, மூக்கு சொல்லிப்போடும்."

என்னிடம் வந்து மூக்கைப் பற்றிச் சொல்கிறார். இருபத்தாறு வருஷம் இவருடைய மோட்டார் ரீவைண்டிங் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். புகைந்துபோன மோட்டாரை இறக்கி வைத்தால், இவர் ஸ்பேனரை எடுக்குமுன் நான் குனிந்து ஒரு மூச்சு இழுப்பேன். "காயில் போயிருச்சுங்க." அல்லது, "காயிலுக்கு ஒண்ணுமில்ல, பேரிங்தான்." பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். வருகிறவர்களிடம் எல்லாம் இவர், "எங்க அம்மிணி மூக்கு இருக்கறப்ப மீட்டர் எதுக்குங்க?" என்பார். கல்யாணமான புதிதில் என்னிடம் இவருக்குப் பிடித்தது முகமா மூக்கா என்று கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

டிசம்பர் ஜுரத்துக்குப் பிறகு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. அவ்வளவுதான், சரியாகிவிடும். மல்லிகைகூட இந்த வருஷம் வாசம் இல்லை. மருந்தடித்தே பூவைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. வாயில் வைத்தபோதுகூட எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பாத்திரம் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. அவர் தட்டைக் காலிசெய்துவிட்டு, "நல்லா... ருக்கு" என்றார். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளுகிற ஆள். நோய் வந்து ரொம்ப நல்லவராகிவிட்டார்.

ஆனால் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது. நான் சமையலறையில் இருந்தால் நாற்காலியோடு நிலைப்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பாலைக் காய்ச்சுமுன், "குடு" என்று கை நீட்டுகிறார். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பேசப் பத்து வார்த்தைதான் இருக்கிறது, அதில் ஒன்றைப் பாலுக்குச் செலவழிக்கிறார்.

அடுப்பைப் பற்றவைக்கப் போனால் சிலிண்டர் மூடிக் கிடந்தது. நான்தான் மூடியிருப்பேன்.

பிப்ரவரி 13, வியாழன்

விடிகாலையில் ஒரு கனவு. பழைய கடை. புதிதாகச் சுற்றிய காயிலுக்கு வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைத்திருக்கிறது. அந்த வாசம், கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. பக்கத்தில் டீ கொதிக்கிறது. இஞ்சி. என் தலையில் மல்லிகை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. கனவில் நான் அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷமாகத்தான்.

எழுந்து காபி போட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வெந்நீர் ஆவி முகத்தில் பட்டது. காபி ஆறிவிட்டது.

பிப்ரவரி 15, சனி

இடது கையால் எழுதிப் பழக அவருக்கு ஷெரின் நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பொங்கலிலிருந்து எழுதுகிறார். நான் போனால் மூடிவிடுகிறார். அறுபத்து மூன்று வயதில் என்ன ரகசியமோ. போகட்டும், பழகினால் சரி.

பிப்ரவரி 20, வியாழன்

நாளை வெள்ளிக்கிழமை, வீடு கழுவினேன். கையோடு பம்ப் அறையையும் ஒழித்துக் கழுவினேன். தங்கவேல் எட்டு மாதமாக அதை எலிக்கு வாடகைக்கு விட்டிருந்தான் போலிருக்கிறது. கேன்களைத் துடைத்து, மூடிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

திரும்ப மூடும்போது எந்தக் கேனுக்கு எந்த மூடி என்று ஒரு நிமிஷம் தடுமாற்றம். இரண்டும் ஒரே மாதிரிக் கேன், ஒரே அளவு மிச்சம். அவர் தொட்டிக்கரையில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் மோந்து பார்த்தேன். சரியாகத்தான் மூடினேன்.

பிப்ரவரி 26, புதன்

ஒன்றுமில்லை. இட்லி, தக்காளிச் சட்னி. குளோரின் வழக்கமான அளவு.

மார்ச் 2, ஞாயிறு

தண்ணீர் லேசாகப் பச்சையடிக்கிறது. வெயில் ஏறியதால் இருக்கும். நீல மூடிக் கேனிலிருந்து இன்னும் ஒரு லோட்டா கூடுதலாக ஊற்றினேன்.

சாயங்காலம் கோடை மழை. கொடியில் துணி முழுக்க நனைந்துவிட்டது. என் வயதுக்கு மழையில் துணியை நனைய விட்டவள் இல்லை நான். மண் வாசம் வந்த உடனே கொடிக்கு ஓடுகிறவள். இந்தத் தடவை மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. நிலைப்படியில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெய்கிற மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அவருக்குக் கண் சிவந்திருக்கிறது, தொடையில் அரிப்பு. கைப்பிடிக் கம்பியின் அடியில் துரு ஏறியிருப்பதை ஷெரின்தான் பார்த்துச் சொன்னாள். தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து வைத்திருந்தாள். குளோரினுக்கு மஞ்சள் வரவேண்டிய குழாயில் ஒரு நிறமும் வரவில்லை. ரோஜா நிறம் வரவேண்டிய இன்னொன்றில் மஞ்சள் வந்தது.

"தண்ணியில குளோரினே இல்லம்மா. புளிப்பு மட்டும் ஏறியிருக்கு. என்ன ஊத்தறீங்க?"

"குளோரின்தான். தினமும் ஊத்தறேன்."

பம்ப் அறைக்குப் போய்க் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே எழுதலையே. பேரில்லாத ஒண்ண எப்படிம்மா நம்பறீங்க? நான் அட்டை இல்லாம ஒரு மாத்திரையக் கையில குடுத்தா சாருக்குக் குடுத்திடுவீங்களா?"

மயில்சாமி இருபது வருஷமாக விற்கிறார் என்றேன். தண்ணீர் சரியாகும் வரை அவரை இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சின்னப் பெண், கண்டிப்பான பெண்.

மருந்து பழசாகியிருக்கும், வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

மூன்று நாளாக அவர் தண்ணீரில் இறங்கவில்லை. இன்று காலை அவருடைய வலது காலை நீட்டப் பார்த்தேன், கட்டைபோல இருந்தது. யுவராஜ் போனில், "அம்மா, இதெல்லாம் உங்களால முடியாதுங்கம்மா. இங்க வந்துருங்க" என்றான். அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தபிறகு தொட்டிப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பொள்ளாச்சிக்குப் போய்ப் புதுக் குளோரின் ஒரு கேன் வாங்கி வந்தேன். நீல மூடி. அதே மாதிரி எண்ணெய்க் கேன். நாளை காலை ஊற்றிவிட்டால் ஒரே நாளில் தெளிந்துவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை. இரண்டு பேரும் இருக்கிறோம்.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் வந்தோம். இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது. அவருக்கு அவ்வளவு இல்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

செவ்வாய் காலை ஏழு மணி இருக்கும். தோப்பில் பனி. அவரைத் தொட்டிக்கரையில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வாளியோடு பம்ப் அறைக்குப் போனேன். பழைய நீல மூடிக் கேனில் கால்வாசி மிச்சம் இருந்தது. எதற்கு வீணாக்க வேண்டும் என்று அதை வாளியில் கவிழ்த்தேன். புதுக் கேனைத் திறந்து அதே வாளியில் ஊற்றினேன்.

வாளியில் நுரை வந்தது. மேலே பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை, மெல்ல, அவசரமே இல்லாமல் எழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக இருந்தது என்று எழுதினால் பைத்தியம் என்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அது சுருண்டு சுருண்டு வருகிறது, எனக்கு ஒரு வாசமும் இல்லை. கண் எரிந்தது. அடுப்புப் புகைக்கு எரிகிற மாதிரிதானே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

வெளியே அவர் குரல். வார்த்தை இல்லை, வெறும் குரல். துண்டு கேட்கிறார் என்று நினைத்தேன். "வரனுங்க, இருங்க" என்றேன்.

இடது கையால் மட்டும் சக்கரத்தைத் தள்ளினால் நாற்காலி வட்டமடிக்கும், முன்னால் வராது. கதவு வழியே பார்த்தேன், நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் அதில் இல்லை. நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நடந்து வந்தார். தண்ணீரில் நடப்பாரே, அதே நடை. அதே மெல்ல. வலது கால் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. எனக்கு அப்போதும் கனவில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஏன் இப்படி வருகிறார், விழுந்துவிடுவாரே என்றுதான் தோன்றியது.

என் முந்தானையை இடது கையில் சுற்றிப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் வெளியே புல்லில் போய் விழுந்தோம். வாயெல்லாம் கோணி, இருமி இருமி, கடைசியில் என்னைக் கூப்பிடுகிற அந்த வார்த்தை வந்தது. "அம்மிணி."

அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் காரில் ஏற்றினார்கள்.

நாற்காலியிலிருந்து பம்ப் அறைக் கதவுக்கு ஷெரின் இன்று நடந்து அளந்து பார்த்தாள். பதினோரு எட்டு. "இது நடக்கற காரியமே இல்லம்மா" என்றாள். நடந்திருக்கிறது என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தோம். மூன்று எட்டு. அதற்குமேல் கால் வரவில்லை. பரவாயில்லை.

மத்தியானம் அவர் நாலு கோடு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோணல் மாணலான எழுத்து. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி.

"ஜன 19. பால் புளிச்ச வாசம். கொட்டீட்டேன்."

"ஜன 27. கேஸ் வாசம். மூடினேன். அவளுக்குத் தெரியல."

"பிப் 9. சாம்பார் தீஞ்சுது. சாப்பிட்டேன்."

"பிப் 13. காபிய வச்சுட்டு அழுதா."

"பிப் 20. கேன மோந்தா. சும்மா."

"மார்ச் 2. மழ வாசம். துணின்னு சொன்னேன். கேக்கல."

நடுவில் ஒரு பக்கம் முழுக்க ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதியிருந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் தண்டனைக்கு எழுதுகிற மாதிரி. "கேக்கக் கூடாது. அவளே சொல்லட்டும்." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எழுதிய கடைசி வரி: "கேட்டிருக்கோணும். தப்பு என்னுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வந்தது. அப்புறம் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சொல்லிவிட்டேன். டிசம்பரிலிருந்து எனக்கு எதுவுமே வாசம் தெரியவில்லை. பூ இல்லை, காபி இல்லை, அவர் சட்டை இல்லை. மூக்குப் போனால் அப்புறம் நான் எதற்கு என்று பயமாக இருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான், அதிலும் ஓட்டை என்று தெரிந்தால் யுவராஜ் அன்றைக்கே லாரி பேசிவிடுவான் என்று பயமாக இருந்தது. இதையெல்லாம் இந்த டைரியில்கூட எழுதவில்லை, மல்லிகையின் மேல் பழி போட்டேன்.

அவர் இடது கையைப் பின்னால் நீட்டி என் மூக்கைப் பிடித்துத் திருகினார். கடையில் யாரும் இல்லாதபோது திருகுவாரே, அதே மாதிரி.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரி விஷயத்தை ஷெரின் நேற்றுத்தான் போனில் சொல்ல, யுவராஜ் வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக, தொட்டியில் மண்ணைக் கொட்டி மூடப் போவதாகச் சொன்னான். ஜேசிபிக்குப் பேசிவிட்டானாம்.

"தொட்டி மேல தப்பில்ல கண்ணு. எனக்கு வாசம் தெரியறதில்ல. மூணு மாசமாச்சு. மூடிய மாத்திப் போட்டவ நானு. தெரியாததத் தெரியும்னு சொன்னவளும் நானு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார்.

"ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டான். ரொம்ப நேரம் தொட்டிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றான். சித்திரை முடியும்வரை பார்ப்பானாம். பேர் போட்ட, சீல் வைத்த சாமான் தவிர ஒரு சொட்டும் பம்ப் அறைக்குள் போகக் கூடாது, ஷெரின் வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சரி என்றேன். என் மகனிடம் நான் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்கிறான்.

மார்ச் 18, செவ்வாய்

மஞ்சள் மூடிக் கேனைக் கையுறை போட்டு, தனியாக டிக்கியில் வைத்து, யுவராஜோடு மயில்சாமி கடைக்குப் போனேன். அவரைத் திட்டித் தீர்ப்பதென்று வழி நெடுக வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன்.

"மோந்து பாருங்க, இது ஆசிடா குளோரினா? நீங்களே சொல்லுங்க" என்று கேனை முன்னால் வைத்தேன்.

மூடியைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார், எடுத்துக்கொண்டார். "எனக்கு எங்கீங்க்கா தெரியும்? இந்தப் பீப்பாய்களுக்கு நடுவுல உக்காந்து உக்காந்து மூக்கு செத்து அஞ்சாறு வருசமாச்சுங். மூடிய வெச்சுத்தான் குடுக்கறது."

வாசம் தெரியாதவர் விற்று, வாசம் தெரியாதவள் வாங்கியிருக்கிறேன், இரண்டு பேரும் மூக்கை நம்பி. யோசித்து வைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது, கறுப்பு மார்க்கர் எடுத்துவரக் கடைப்பையனை அனுப்பிக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வியாழன்

கோயம்புத்தூரில் நீச்சல் குளத்துச் சாமான் மட்டும் விற்கிற கடை. நடத்துகிறவர் ஹாஜிரா என்று ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு கணக்கு டீச்சர்போலப் பேசினார்.

நான் வழக்கத்தில் ஒரு டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"மோந்து பாக்காதீங்கம்மா. நல்ல மூக்கா இருந்தாலும் சரி. இத மோந்து பாக்கறதே ஆபத்து. படிச்சுப் பாருங்க."

படித்தேன். கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி பிள்ளையார் சுழியிலிருந்து படித்தேன். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் செய்தது, எந்தத் தேதி வரை ஆகும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு. எதோடு சேர்க்கக் கூடாது என்பது சிவப்பில், கட்டம் கட்டி, தமிழில். கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும். கடைசியில் ஒரு போன் நம்பர். எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. மூன்று மாதமாக எனக்கு யாரும் இவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லவில்லை என்று தோன்றியது, கண் கலங்கிவிட்டது. ஹாஜிரா அம்மா பார்க்காத மாதிரி பில் போட்டார்.

"ரெண்டு விஷயம். வாங்கின டப்பாலயே இருக்கட்டும், வேற எதுலயும் மாத்தக் கூடாது. ரெண்டும் ஒரே ரூம்ல இருக்க வேண்டாம்."

என் சமையலறையில் கடுகு இருப்பது காபிப்பொடி டப்பாவில், துவரம்பருப்பு இருப்பது பிஸ்கட் டின்னில். அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தொட்டியைக் காலிசெய்து தேய்த்து, இரண்டு நாள் மோட்டார் ஓடி நிரம்பியது. குளோரின் பம்ப் அறையில், ஆசிட் மாட்டுக் கொட்டகையில் பூட்டி. ஒவ்வொரு டப்பாவிலும் திறந்த தேதியை அவர் இடது கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். முதலில் தண்ணீரில் மருந்து, மோட்டார் ஓட்டம், மறுநாள் காலை சொட்டுச் சோதனை. ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜா. ஷெரின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஏழு மணிக்கு இறங்கினார். மூன்றாம் படியில் பாரம் போனது. பதினெட்டு நாள் கழித்து நீலத்தில் நிழல் ஆட, அவர் நடக்க, நான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று அடுப்பில் எதுவும் வைக்கவில்லை.

மார்ச் 29, சனி

மூக்கு டாக்டரிடம் போனோம். வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். தினமும் காலையில் எலுமிச்சை, கிராம்பு என்று நாலு வாசத்தை மோந்து பழகச் சொன்னார். தெரியாவிட்டாலும் பழக வேண்டுமாம். வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் பயிற்சி. நான் கிராம்பை வைத்துக்கொண்டு, "என்ன மாதிரி இருக்குதுங்க?" என்று கேட்பேன். அவர் யோசித்து, தேடி, ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். இன்று கிராம்புக்கு, "சுருக்" என்றார். எலுமிச்சைக்கு, "வெயிலு." சரியாகத்தான் இருந்தது. அவருக்குப் பத்து வார்த்தையிலிருந்து முப்பது ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் ஆறு எட்டு. சித்திரைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டபின் தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில், வானத்தில் ஒரு மேகம் இல்லை. தண்ணீர் அசையவில்லை. எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. அவர் தலையை நிமிர்த்தினார். மூக்கை மேற்கே திருப்பி ஒரு மூச்சு இழுத்தார்.

"அம்மிணி" என்றார். "துணி."

வெயிலைக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போனேன். அவருடைய வேட்டி, என் புடவை இரண்டு, துண்டு எல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கடைசித் துண்டை உருவும்போது கையில் முதல் சொட்டு விழுந்தது.